அரைத் தண்டால்

மார்ச் 3, திங்கள்

உடற்தகுதித் தேர்வின் முடிவை ஒர்க்ஷாப் சுவரில் ஒட்டிவிட்டார்கள். முந்நூற்றுக்கு நூற்று எண்பத்தெட்டு. தேறிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக ராணுவ லாரிகளின் வயிற்றுக்கடியில் படுத்தே வேலை பார்க்கும் ஒருத்திக்கு இது போதும் என்றுதான் இருந்தேன். பக்கத்திலேயே இன்னொரு தாள்: மலைப்பாதை மீட்புக் குழுவுக்கு ஒரு மெக்கானிக் தேவை. மதிப்பெண் இருநூற்று நாற்பதுக்குக் குறையக்கூடாது. ஜூன் பத்தோடு பட்டியல் மூடப்படும்.

எனக்கு முப்பத்தேழு வயது. இன்னும் ஐம்பத்திரண்டு மதிப்பெண் வேண்டும். அடுத்த தேர்வு ஏப்ரல் 24. பேனாவை எடுத்துப் பெயரை எழுதிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் லாரிக்கடியில் புகுந்துகொண்டேன். அங்கே படுத்தபடி தனியாகச் சிரித்தேன். பைத்தியமா எனக்கு?

மார்ச் 4

வீட்டில் சொன்னேன். என்னவர் பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில், மலையில் குளிருமே என்றார். அவருடைய ஆட்சேபம் அவ்வளவுதான்.

நாத்தனார் தையல் மிஷினை நிறுத்தினாள். "தண்டால் எத்தனை எடுத்தீங்க அண்ணி?"

பதினாலு என்றேன். சிரித்துவிட்டாள். ஜனவரியில் நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. இப்படி என்று தெரிந்திருந்தால் பத்தோடு நிறுத்தியிருப்பேன்.

எண்ணும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்தாம் நாள். சிட்-அப் எடுக்கும்போது என் பாதங்களின் மேல் உட்கார்ந்து யாருடைய ஜன்னல் திரைக்கோ ஓரம் தைக்கிறாள். நான் எழும்போதெல்லாம் ஊசி மூக்குக்கு நேரே நிற்கிறது. வேகமாகக் கீழே போக நல்ல காரணம்.

காலையில் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. எதிரே வந்த தபால்காரர் வழிவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பயிற்சி என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

மார்ச் 11

தும்மினேன். வயிறு வலித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்ச் 22, சனி

இன்று அவளும் ஓட வந்தாள்! அண்ணனுடைய பழைய ஷூ, முனையில் வெட்டுத்துணி அடைத்து. இரண்டு மாதமாக வாசலைத் தாண்டாதவள். தெருமுனையில் மளிகைக்கடைக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள் — எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவள். எனக்குத்தான் பதைத்தது. நாத்தனார் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்தே போய்விட்டாள். திரும்பி என்னிடம் சொன்னாள், "ஓடிக்கிட்டே இருந்தா யாரும் எதையும் கேக்க முடியாது அண்ணி."

ஆற்றங்கரைப் பாதையில் மூன்று கிலோமீட்டர். பாதியில் என்னை முந்திவிட்டாள். கழுதை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருபத்தாறு தண்டால்! இருபத்தாறு! ஆறு மாடியையும் நிற்காமல் ஏறினேன், மேலே போனதும் இன்னொரு தரம் இறங்கி ஏறினேன். வேலை எதுவும் இல்லை, சும்மாதான். என்னவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் போய் அவரைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிகிறது. இடுப்புப் பிடித்துக்கொள்ளும், இறக்கிவிடு என்றார். யாருடைய இடுப்பு என்று சொல்லவில்லை.

கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு தண்டாலுக்கும் இரண்டு மதிப்பெண். மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். மலை கிட்டத்தில் தெரிகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

இருநூற்று முப்பத்தொன்பது.

ஏப்ரல் 25

நேற்று எழுதப் பிடிக்கவில்லை. சிட்-அப்புக்கு எண்பத்தாறு மதிப்பெண், ஓட்டத்துக்கு எழுபத்தொன்பது, தண்டாலுக்கு எழுபத்து நான்கு. தண்டால் நான் எடுத்தது இருபத்தொன்பது. எழுதிக்கொண்டது இருபத்தெட்டு. எங்களைச் சோதித்த சார்ஜென்ட் குனிந்து, "கடைசி ஒண்ணு முழுசா ஏறலம்மா, கை மடங்கியே இருந்துச்சு" என்றார். பக்கத்தில் படுத்திருந்த எங்கள் ஒர்க்ஷாப் எலெக்ட்ரீஷியன், தான் பார்த்ததாகவும் கை நேராகத்தான் இருந்ததாகவும் சொன்னார். மேலதிகாரியிடம் முறையிடச் சொன்னார். பாவம், எனக்காகப் பொய் சொல்கிறார். என் இடது முழங்கைக்குத் தெரியாதா?

முறையிடவில்லை. ஆறு வாரம் கழித்து ஒருமுறை மறுதேர்வுக்குப் போகலாம். அதுதான் கடைசி. அதற்கப்புறம் பட்டியல் மூடிவிடும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நாத்தனார் முகம் வெளுத்துப்போனது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அண்ணி. பாதி ஏறினதையும் ஒண்ணுன்னு எண்ணிட்டேன். ரொம்ப நாளாவே."

ஏன் என்று கேட்டேன்.

"எண்ணிக்கை கூடினா நீங்க குதிப்பீங்க. அதைப் பார்க்கத்தான்."

சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னேன் — உன்னை நம்பி உடம்பை ஒடிச்சேனே, விளையாட்டா இருக்கா உனக்கு, அப்படி இப்படி என்று. மிஷின் சத்தமே கேட்கவில்லை அப்புறம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னவர் நடுவில் மாட்டிக்கொண்டு காலண்டரோடு பேசுகிறார்.

ஏப்ரல் 28

விடிந்து கூடத்துக்கு வந்தால், இரண்டு நாற்காலிக்கு நடுவே பாவாடைக்குக் கோக்கும் எலாஸ்டிக் நாடா கட்டியிருக்கிறது. முந்தாநாளே என் கைநீளத்தை அளந்துவிட்டாளாம், நான் தூங்கும்போது. கையை முழுக்க நீட்டினால்தான் முதுகு நாடாவைத் தொடும்.

"தொட்டாத்தான் கணக்கு," என்றாள்.

படுத்து எடுத்தேன். பத்தொன்பது. இருபத்தொன்பது என்று நினைத்துக்கொண்டு திரிந்தவளுக்குப் பத்தொன்பது! சார்ஜென்டின் கண்ணைவிட நாடா கறார். தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். முதலில் அவள் பயந்துவிட்டாள், பிறகு அவளுக்கும் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எழுந்து வந்த என்னவர் எங்களைப் பார்த்துவிட்டு, பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

மே 13

இருபத்து நான்கு. நாடா சாட்சி.

மே 30, வெள்ளி

முப்பத்தொன்று! அவள் இரக்கமில்லாதவளாகிவிட்டாள். இதில் ஒன்றைத் தள்ளிவிட்டாள், நாடா ஆடியது காற்றில்தானாம். நான் வாதாடினேன். வக்கீல் மாதிரி நின்றாள். முப்பது என்று திருத்தி எழுதுகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

இருநூற்று ஐம்பத்தாறு!! தண்டால் முப்பத்து நான்கு, ஒன்றுகூடத் தள்ளுபடி இல்லை. சார்ஜென்ட் குனிந்து முழங்கையைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டார். நாத்தனார் முகாம் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். மதிப்பெண்ணைச் சொன்னதும் அவள் குதித்த குதியில் காவலாளி ஓடி வந்துவிட்டார். நடந்து வீட்டுக்குப் போக இருவருக்குமே தோன்றவில்லை. சீருடையோடு ஒருத்தி, புடவைக்கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி, கடைத்தெரு நெடுக ஓடினோம். எதற்கு ஓடுகிறோம் என்று கேட்டவர்களுக்குக் கையை மட்டும் ஆட்டினோம்.

ஜூலை 20, ஞாயிறு

மலைக்கு வந்து இருபது நாள். என்னவர் சொன்னது சரி, குளிர்கிறது. நாத்தனார் போன் செய்தாள். ஆற்றங்கரையில் அவளோடு இப்போது ஏழு பெண்கள் ஓடுகிறார்களாம், மளிகைக்கடைக்காரரின் மனைவி உட்பட. அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்குவதால் கேள்வி கேட்க முடிவதில்லையாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மழையில் ஒரு மினி பஸ் பள்ளத்தில் சரிந்துவிட்டது. பயணிகள் எல்லாரும் தப்பித்தார்கள். டிரைவருக்குத்தான் கால் முறிவு. வண்டியின் இரும்பை நெம்பி அவரை வெளியே எடுத்தேன். ஸ்ட்ரெச்சரின் முன் இடது பக்கமும் எனக்கே வாய்த்தது. மேலே சாலைக்குச் செங்குத்தான ஏற்றம், காலடியில் சேறு. மனுஷருக்குக் கண் சொருகிக்கொண்டே வந்தது.

"தூங்கக்கூடாது. உங்க வண்டியில எந்த கியர் மக்கர் பண்ணும், அதைச் சொல்லுங்க," என்றேன்.

"மூணாவது," என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். கிளட்ச் தேய்மானமா, எண்ணெய் மாற்றி எத்தனை நாளாகிறது, மேடு ஏறும்போது உறுமுமா, கத்துமா என்று. அவரும் வலிக்கு நடுவில் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். சாலைக்கு வந்து ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்ததும், மற்ற மூன்று பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார்கள்.

நான் இன்னும் மூன்றாவது கியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.