வெல்லத்துக்கு எதிர்த்தட்டில் என் மகள்

மாமா,

கறம்பக்குடிக் கடையில் இன்று பொங்கலுக்கு அச்சுவெல்லம் வாங்க நின்றேன். "ஒங்க மாமனார் மூட்டையாத்தான் வாங்குவாங்க, மகராசன்" என்றார் கடைக்காரர். மகராசன்தான். நான் கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் பேத்தி குறைமாதத்தில் ஒன்றேகால் கிலோவாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிழைத்தால் பிறந்தநாள்தோறும் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்டீர்கள். அதில் எனக்குக் குறையில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு சேர்ந்து அழுதவர் நீங்கள் ஒருவர்தான்.

பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. போன வருஷத்தைவிட எத்தனை அச்சு கூடுதலாக ஏறியது என்பதே பேச்சு. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே நெய்யும் பாலும் ஊட்டத் தொடங்குவீர்கள். கோயில் துலாபாரத்தில் போன வருஷ அளவு வெல்லம் வைத்தும் அவள் உட்கார்ந்த தட்டு தரையைத் தொட்டால் சொந்தபந்தம் கைதட்டும். என்ன ஒரு கூட்டம்! மாட்டுச் சந்தையில்கூட மாட்டை நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இவர்களுக்குக் கன்னத்தைக் கிள்ளினாலே போதும்.

எட்டு வயதில் மாடிப்படி ஏறவே அவளுக்கு இளைத்தது. புதுக்கோட்டை டாக்டர் குழாயில் ஊதச் சொன்னார். மூன்று முறை ஊதியும் திரையில் கோடு பாதியிலேயே படுத்துவிட்டது. "மிஷினு ரிப்பேருங்க. எங்க வீட்டுப் புள்ளைக்கு மூச்சுக்கென்ன கொறச்சல்?" என்றீர்கள்.

அவர் பொறுமையாகவே சொன்னார். "கொறமாசத்துல பொறந்ததால நுரையீரல் ஏற்கெனவே கொஞ்சம் வீக்குங்க. இப்ப வயித்துக் கொழுப்பு வேற மேல தள்ளுது. விரிய எடம் வேணும்ல?"

வெளியே வந்ததும், "ஒல்லிக்குச்சி டாக்டரு, புள்ளைய கண்ணு வச்சுட்டான்" என்று அவளுக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தீர்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளி நீங்கள்.

அடுத்த பிறந்தநாளில் தட்டில் உட்கார்ந்ததுமே அவளுக்கு மூச்சு முட்டியது. உதடு வெளுத்து என்னைப் பார்த்தாள். "ஏத்தா, செத்த நேரம் அசையாம இருக்கச் சொல்லு, இன்னும் வெல்லம் வைக்கணும்" என்றீர்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேண்டுதலைக் கெடுத்தவள் என்று, சாகும்வரை நீங்கள் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நெய்யும் பாலும் நிறுத்தி எடை குறைந்த பிறகு, இப்போது தெருப் பிள்ளைகளோடு ஓடுகிறாள். போன வாரம் ஊதியபோது கோடு நன்றாகவே மேலே போனது. உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்று அந்தக் காகிதத்தைக் காட்டினேன். மரியாதைக்காக இல்லை.

உங்களை ஏசுவது எனக்குச் சுலபம். ஆனால் அத்தனை பிறந்தநாளிலும் அவளைத் தூக்கித் தட்டில் வைத்தது நான். "நல்லா வளத்திருக்கா" என்ற ஒரு சொல்லுக்குப் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆசை இன்னும் போகவில்லை. இன்று காலை சாப்பிட்டுவிட்டு "போதும்மா" என்றாள். "இன்னும் ஒரே ஒரு தோசை" என்று என் வாய் தானாகச் சொன்னது.

மறுபேச்சில்லாமல் தட்டை நீட்டினாள், மாமா.