பச்சை மிளகும் உன் நேர்கோடும்

பச்சை மிளகில் நம் கூட்டு முறிந்தது. நீ போட்ட முதலைத் தொலைத்தாய், நான் தொலைக்கவில்லை. இன்று காலை கடைக்குப் பின்னால், பக்கத்து வீட்டார் தார்ப்பாய்ப் படங்கில் பரப்பிய மிளகு மழையில் நனைந்து புளித்த வாடை அடித்தது. உடனே உன் ஞாபகம். செத்த பிறகும் உன்மேல் மரியாதை வர மாட்டேன் என்கிறது, மச்சான்.

தெல்தெனியப் பக்கம் மிளகைக் கொடியில் இருக்கும்போதே பேசி, பச்சையாக நிறுத்து வாங்குவார்கள். காய்ந்து எவ்வளவு தேறும் என்பது வாங்குகிறவன் தலைவிதி. அதைக் கணக்கால் பிடிக்கப் போகிறேன் என்றாய். ஐந்து தோட்டங்கள், வாரத்துக்கு ஒன்றாக, பத்துப் பத்துக் கிலோ பறித்துக் காய வைத்தாய். தேறியது வரிசையாக இரண்டு, நான்கு, இரண்டு, மூன்று, நான்கு கிலோ.

அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் போட்டாய். வாரத்தின் சராசரி மூன்று, கிலோவின் சராசரியும் மூன்று. இரண்டின் விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் மூன்று. வார விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பத்து. மூன்றைப் பத்தால் வகுத்து, அதுதான் நேர்கோட்டின் சரிவு என்று பேனாவை மூடிவிட்டாய்.

"வாரத்துக்கு முந்நூறு கிராம் ஏறுது மச்சான். அஞ்சாவது வாரம் பறிக்கிறதா பேசி மொத்தத்தையும் பச்சையா வளைச்சிருவோம். கடையை ஈடு வச்சிரு."

என் கடையை. உன் வீட்டை அல்ல.

"கோடு தற்செயலா ஏறியிருந்தா? டெஸ்ட் பண்ணனும்னு வாய் கிழியப் பேசுவியே, கெம்பஸ்ல படிச்சவனே. பண்ணு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாய். ஒவ்வொரு தோட்டமும் கோட்டிலிருந்து விலகிய தூரத்தின் வர்க்கங்கள் கூட்டி 3.1. ஐந்தில் இரண்டு போக மூன்றால் வகுத்து, பிறகு அந்தப் பத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நியம வழு 0.32. சரிவு 0.3. சரிவை வழுவால் வகுத்தால் ஒன்றுகூட இல்லை. உன் புள்ளியியல் புத்தகத்து அட்டவணை கேட்டதோ மூன்றுக்கு மேல்.

"ரெண்டாவது தோட்டம் கோளாறுடா. அதைத் தூக்கிட்டா சரியாயிரும்."

"தூக்கு, பாப்போம்."

தூக்கினாய். ஏறக்குறைய இரண்டரை வந்தது. ஆனால் தோட்டம் நான்கானதும் அட்டவணை நான்குக்கு மேல் கேட்டது.

"வெள்ளைக்காரன் போட்ட அட்டவணைக்கு நம்ம மிளகைப் பத்தி என்னடா தெரியும்?"

கோடு உனக்குச் சாதகமாக ஏறியவரை கணக்கு நம் ஊர்க்காரன், மறுத்ததும் வெள்ளைக்காரன். மிளகு ஏறாது என்று அட்டவணை சொல்லவில்லை. இந்த ஐந்து தோட்டத்தை நம்பிக் கடையை வைக்காதே என்றது. அதைச் சொல்லித்தரப் படித்த நீ, கேட்கப் படிக்கவில்லை. உன் காசை மட்டும் போட்டுப் பச்சையாக வாங்கினாய். நீ போட்ட கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. பிறகு அம்பிட்டிய ஊர் முழுக்க என்னைக் கோழை என்று சொல்லித் திரிந்தாய்.

கணக்கைக் கடைசி வரி வரை போடும் பழக்கம் எனக்கு உன்னால் வந்தது. நீ பாதியில் பேனாவை மூடியதைப் பார்த்து வந்தது. கூட்டு முறிந்த வாரமே திகனையில், நானா என்று நாம் அழைக்கும் ஒரு முஸ்லிம் தோட்டக்காரரிடம் போனேன்.

"பச்சையா எடுக்க மாட்டீங்களா தம்பி? ஒங்கட கூட்டாளி எடுக்கிறாரே."

"அவர் படிச்சவர், நானா. நான் கடைக்காரன்."

சிரித்துவிட்டுச் சம்மதித்தார். இன்றுவரை என் பேச்சு அதுதான்: பறிப்பதும் காய வைப்பதும் தோட்டக்காரர் பாடு, காய்ந்ததை என் தராசில் நிறுத்து, அன்றைய கண்டி விலையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து, கையோடு காசு.