கருங்கழியின்மேல் நடந்த யானைகளைக் குறித்த தடையோலை

வாழி! கொன்றைநாட்டுக் கோப்பெருந்தேவியாரின் குடைநிழல் தழைத்து, குடிகள் பசியும் பிணியும் நீங்கி இருப்பாராக! கழிக்கரைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் தண்டநாயகர் ஏனாதி விழுப்பரையர் திருமுன், எல்லைக் கண்காணி சாத்தி விடுக்கும் தடையோலை. தண்டநாயகர் இந்த வாழ்த்தையும் ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும். வாழ்த்தைத் தாண்டிப் படித்ததால்தான் நாடு இந்த நிலைக்கு வந்து நிற்கிறது. எப்படி என்பது கீழே வருகிறது.

கழியில் நீர் வற்றியதும் படை அக்கரைக்கு இறங்க வேண்டும் என்று தங்களுக்கு வந்த ஆணையை இவ்வோலை நிறுத்துகிறது. எதிர்நாட்டின் படைப்பெருக்கத்தைக் கண்ணால் கண்டு உறுதி சொல்லும்வரை நம் படையை எல்லை தாண்டாமல் தடுக்கும் உரிமையை முந்தை அரசர் கண்காணிக்குக் கொடுத்திருக்கிறார். தடை பிழையானால் கண்காணியின் தலை போகும் என்பதையும் அவரே விதித்திருக்கிறார். சாத்தி இரண்டையும் படித்த பிறகுதான் எழுத்தாணியைக் கையில் எடுத்தாள்.

நடந்தது இதுதான். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து, கருங்கழி நாட்டார் படை பெருக்குவதாக ஆந்தைப்பாறைக் காவலிலிருந்து திங்கள்தோறும் ஓலை வந்தது. யானைகள் கால் நனையாமல் நீரின்மேல் நடந்து வருகின்றன. துடுப்பில்லாத மரக்கலங்கள் மூடுபனியில் மிதந்து மலையுச்சிக்கு ஏறுகின்றன. வீரர்களுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு எரிகிறது. அவர்கள் நடந்தால் காலடி ஓசை கேட்பதில்லை, தாழம்பூ மணம் மட்டும் காற்றில் வருகிறது. அரண்மனை ஓலைகளுக்குத் தலைவரான பேரோலை நாயகம் இவற்றை மன்றத்தில் ஏற்ற இறக்கத்தோடு படிக்க, மன்றம் வாய் பிளந்து கேட்டது. இது நடக்கிற காரியமா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஆளாளுக்கு விளக்கம்தான் சொன்னார்கள். நீரில் நடக்கும் யானை என்றால் மூங்கில் தெப்பத்தில் ஏற்றிய யானை என்றார் யானைப்படைத் தலைவர். விளக்குமுகம் என்றால் துலக்கிய பித்தளைக் கவசம் என்றார் கொல்லர் தலைவர். நமக்கும் அதைப் போல வார்க்க வேண்டும் என்று அப்போதே பித்தளையும் கேட்டார். தாழம்பூ மணம் நஞ்சுப்புகையாக இருக்கலாம் என்று அரண்மனை மருத்துவர் தலையை ஆட்டினார். முந்திக்கொண்டு நாமே அடித்துவிட வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று.

சாத்தி எழுந்து, பார்த்தவர் யார், எங்கே நின்று பார்த்தார், எத்தனை தொலைவில் பார்த்தார் என்று கேட்டாள். அவள் பானை வனையும் வேட்கோவர் குடியில் பிறந்தவள்; அந்தக் குடும்பத்தில் எழுத்தாணி பிடித்த முதல் கை அவளுடையது. மன்றத்தார் அதை அவளுக்கு நாள்தோறும் நினைவூட்டத் தவறுவதில்லை.

"பானையைத் தட்டிப் பார்த்து வாங்குற மாதிரி படையைத் தட்டிப் பார்க்க முடியுமா, பொண்ணு?" என்றார் நாயகம். மன்றம் குலுங்கிச் சிரித்தது. பானைக்கே அத்தனை கவனம் என்றால் ஆள் சாகிற காரியத்துக்கு வேண்டாமா என்று அவள் கேட்டபோது, எல்லோரும் தாம்பூலத்துக்கு எழுந்துவிட்டார்கள்.

அவள் ஆந்தைப்பாறைக்குப் போனாள். அங்கே கழியும் வானும் ஒரே பாலாய்க் கலந்து கிடந்தன. நீட்டிய கை மணிக்கட்டோடு மறைந்துபோயிற்று. கீழே நீர் இருக்கிறதா, நிலம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று தெரியாமல், பாறை ஒரு ஓடம் போல மெல்ல நகர்வதாகத் தோன்றியது. அந்த வெண்மைக்குள் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான் காவலன் எயினன்.

"யானை எந்தப் பக்கமா நடந்துச்சு, அண்ணே? கையைக் காட்டுங்க."

"எந்தப் பக்கம்னு காட்டுறது, தாயி? நான்தான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேனே."

"மூடிக்கிட்டா?"

"தூக்கத்துல கண்டதுன்னு எழுதித்தானே அனுப்புனேன்! ஒவ்வொரு ஓலையிலயும், தேவியார் பேருக்குப் பக்கத்துலயே, வாழ்த்தோட வாழ்த்தா எழுதியிருக்கேன். யாருமா படிக்கல?"

யாரும்தான் படிக்கவில்லை. வாழ்த்து வழக்கமான வாசகம், அதை விட்டுவிட்டுச் செய்திக்கு வருவதே கற்றவர் வழக்கம் என்று நாயகம் எத்தனையோ முறை சொல்லச் சாத்தியே கேட்டிருக்கிறாள்.

எயினன் சொன்னதன் சுருக்கம் இது: பாறைக்கு இருவர் காவல். ஒருவனை நாயகத்தின் நந்தவனத்துக்கு நீர் இறைக்க அழைத்துக்கொண்டார்கள். இரவும் பகலும் இவன் ஒருவன்தான் விழித்திருக்க வேண்டும். பனி இறங்கிய பிறகு அக்கரை தெரியவே இல்லை. தெரியவில்லை என்று எழுதினால் வெற்றோலை விடுத்த குற்றத்துக்குக் கசையடி. பொய் எழுத அவனுக்கு மனம் வரவில்லை. கண் தானாக மூடிக்கொண்டபோது எது தெரிந்ததோ அதை எழுதினான். எப்படித் தெரிந்தது என்பதையும், மதிப்பான இடமாயிற்றே என்று, தலைப்பிலேயே எழுதினான்.

"ஆனா நல்லா இருந்துச்சு தாயி அந்த யானைங்க," என்றான். "வெள்ளை வெளேர்னு. சண்டைக்கு வந்த மாதிரியே இல்ல. குளிக்க வந்த மாதிரி இருந்துச்சு."

சாத்திக்கு வந்த சினத்தைத் தடையோலையில் எழுத முறையில்லை. அவள் பனி விலகும்வரை அங்கேயே காத்திருந்தாள். காத்திருந்தபோது, மறைக்காமல் சொல்ல வேண்டும், அவளுக்கும் ஒரு கணம் தெரிந்தது: பெரிய வெள்ளை முதுகுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் போயின. அவற்றின் பின்னாலேயே போய்விடலாம் போல அவளுக்கு இருந்தது. முகத்தில் நீரை அடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு காற்று மாறியது, அக்கரை துலங்கியது.

விழித்த கண்ணால் கண்டவை இவை. கருங்கழி நாட்டார் துறைமுகப்பில் பனைமரத்தால் புதிதாக அரண் நட்டிருக்கிறார்கள். குதிரைகள் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கின்றன. உயரமான பரண் ஒன்று எழுந்திருக்கிறது. அதன்மேல் ஒருவன் நின்று நம்மைப் பார்க்கிறான். இவை மெய். இவற்றைக் கண்காணிக்க வேண்டும், நாள்தோறும் கண்காணிக்க வேண்டும். அவர்கள் நல்லவர்கள் என்று சொல்ல சாத்தி இங்கே வரவில்லை. ஆனால் யானை இல்லை, மரக்கலம் இல்லை. அரணின் மரங்களில் வெட்டுவாய் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. நம் பாசறை இக்கரையில் எழுந்த பிறகு, அதைக் கண்டு அஞ்சி வெட்டியவை அவை. அரணுக்கு வெளியே, சேற்றோரமாகப் பரதவப் பெண்கள் வலை உலர்த்துகிறார்கள். நீர் வற்றியதும் இறங்கும் படை முதலில் மிதிக்கப்போவது அவர்களைத்தான்.

ஆகவே தண்டநாயகர் படையை நீரோரத்திலிருந்து பின்வாங்கச் செய்து மணல்மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எவர் ஆணை காட்டினாலும், கோப்பெருந்தேவியார் இவ்வோலையின் படியைத் தாமே கேட்டு மறுமொழி விடுக்கும்வரை, ஒரு குதிரையும் கழியில் கால் நனைக்கக் கூடாது. ஐயமிருந்தால் தண்டநாயகர் பாறைக்கு ஏறி வந்து பார்க்கலாம். சாத்தி இங்கேயே இருக்கிறாள். தலை வேண்டுமென்றால் அதுவும் இங்கேயே இருக்கிறது.

நந்தவனத்துக்குப் போன காவலன் உடனே பாறைக்குத் திரும்ப வேண்டும். பனி மறைத்த நாளில் தெரியவில்லை என்று எழுதுவது இனிக் குற்றமாகாது. இவ்வோலை எழுதப்படும்போது எயினன் பாறையின் மறைவில் படுத்து உறங்குகிறான். அவன் இடத்தில் சாத்தி காவல் நிற்கிறாள். இப்போது அவன் காண்பது எதுவாயினும் அது அவனுக்கே உரியது. எழுந்ததும் அவனிடம் எவரும் அதைக் கேட்கக் கூடாது.

இது எல்லைக் கண்காணி சாத்தி விழித்திருந்து தன் கையால் எழுதி, கொன்றைப்பூப் பொறி இட்டு விடுத்தது. கேட்டவர் கேட்டபடி செய்க.