உப்புப் போடாத டிரெஸ்ஸிங்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. எப்போதும் போனில் பேசுகிற அப்பா இதென்ன புதிதாகக் கடிதாசி எழுதுகிறார் என்று பயப்படாதே. பயப்படாதே என்று சொன்னால்தான் நீ அதிகமாகப் பயப்படுவாய், அதுவும் எனக்குத் தெரியும். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் பெருமூச்சு விட்டால்கூட எதற்கு விட்டீர்கள் என்று கேட்கிறாள். அதனால் பேக்கரியில், மாவு பிசைகிற மேஜையைத் துடைத்துவிட்டு அதன் மேல் வைத்து எழுதுகிறேன். முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. எங்கேயாவது உட்கார்ந்து படி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்காதே.

இதயம் பலவீனமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு உப்பை நிறுத்தியதிலிருந்து இந்த வீட்டில் சாப்பாட்டு வேளை என்றாலே சண்டை வேளைதான். நாக்கு செத்துப்போச்சுங்க, வைக்கோலை மெல்லற மாதிரி இருக்கு என்று தட்டைத் தள்ளிவிடுவாள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தால் திருட்டுத்தனமாக உப்பு தின்றாயா என்று நான் போலீஸ்காரன் மாதிரி விசாரிப்பேன். உப்பு ஜாடியை அவள் கைக்கு எட்டாமல் சமையலறையில் மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். இந்த நிலைமையில்தான் நீ அந்த மஞ்சள் செதில் டப்பாவை அனுப்பினாய். சத்து ஈஸ்ட், உப்பு போடாமலே உப்புப் போட்ட மாதிரி ருசி வரும், எலுமிச்சை, பூண்டு, கடுகு விழுது, எண்ணெய், கொஞ்சம் தேன் சேர்த்து அடித்து டிரெஸ்ஸிங் செய்து சாலட் மேல் ஊற்றுங்கள் என்று போனில் சொன்னாய். எல்லாம் சரியாகத்தான் சொன்னாய், கேட்டுக்கொண்ட ஆள்தான் சரியில்லை. ஈஸ்ட் என்று காதில் விழுந்ததும் என் கை தானாக வெந்நீரைத் தேடியது. வாழ்நாள் முழுக்க ஈஸ்டை எழுப்பியே பழகியவன் நான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டு மூடி வைத்தால் நுரைக்க வேண்டும், நுரைத்தால் உயிர் இருக்கிறது, நுரைக்காவிட்டால் செத்தது, கொட்ட வேண்டியதுதான். உன் செதிலையும் அப்படிப் போட்டேன். மஞ்சள் குழம்பாகக் கிடந்ததே தவிர ஒரு குமிழி வரவில்லை. வேறு தண்ணீரில் மறுபடி போட்டேன், அதற்கும் அசையவில்லை. பாவம் சுண்டு, எவனோ அவள் தலையில் செத்த சரக்கைக் கட்டிவிட்டான் என்று டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, என் பேக்கரி ஈஸ்டையே நீ சொன்ன அளவுக்குக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டேன். பாட்டிலில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மூடியை இறுக்கித் திருகி, சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். பெரிய சாதனை செய்தவன் போல அம்மாவிடம் வேறு சொல்லிக்கொண்டேன், இன்றைக்கு உனக்கு விருந்து என்று.

வெயில் மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டமார் என்று ஒரு சத்தம், மூடி பறந்து போய் மின்விசிறியில் இடித்துக் கீழே விழுந்தது, சுவர், காலண்டர், என் சட்டை எல்லாம் மஞ்சளும் பூண்டு நாற்றமும். நான் அசடு வழிய நின்றேன். ஊருக்கே ரொட்டி சுட்டுப் போட்டவருக்கு ஒரு பாட்டில் அடங்கலையே என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள் பார், அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. நானும் சிரித்தேன். பிறகு நான் நிறுத்திவிட்டேன், அவளால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மூச்சுத் திணறல். உதடு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சளி, குரல் கட்டியிருக்கிறது என்று சொல்லி நாலைந்து நாள் உன்னிடம் பேச விடாமல் வைத்திருந்தேனே, அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

நுரையீரலில் சேர்ந்த தண்ணீரை ஊசி போட்டு இறக்கினார்கள். நான் செய்த கூத்தால்தானா இது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இல்லீங்க ஐயா, தூங்கும்போதுகூட வந்திருக்கும், உங்க மேல தப்பு இல்ல என்றாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமே அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க, ஆசைப்பட்டா உப்பும் கொஞ்சம் போட்டுக்கங்க என்றாள். சுண்டு, நான் சந்தோஷப்பட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மருந்துப் பையோடு படியிறங்க ஆரம்பித்தேன். உப்பு உப்பு என்று இத்தனை நாள் என்னைத் திட்டிய அதே டாக்டரம்மா ஏன் இன்றைக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று பாதிப் படியில்தான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்டேன். வாரக்கணக்குதான் ஐயா, மாசக்கணக்கு சொல்ல முடியல என்றாள்.

அதற்கப்புறம், உன் டப்பா நுரைக்கவே இல்லை என்று நான் குறை சொன்னபோதுதான் நீ போனில் சொன்னாய், அது சாப்பிடுவதற்காகவே சூடாக்கிக் கொன்று காயவைத்த ஈஸ்ட், எழுப்பினால் எழாது அப்பா என்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அம்மா நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து சிரித்தாள், அது உனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் நீ சொன்னபடியே செய்தேன். செதிலைக் கொட்டி அடித்ததும் டிரெஸ்ஸிங் கெட்டியாகி, ரொட்டியின் மேல்தோல் சிவக்கும்போது வருமே, அப்படி ஒரு வாசனை வந்தது. கோஸும் கேரட்டும் வெள்ளரியும் நறுக்கி அதன் மேல் ஊற்றி அம்மா முன்னால் வைத்தேன். மேல்தட்டிலிருந்து உப்பு ஜாடியையும் இறக்கி, ஒன்றும் தெரியாதவன் போலத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் ஜாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் நான் என்னத்தை மறைப்பது. டாக்டரம்மா சொல்லிட்டாங்களா என்று மட்டும் கேட்டாள். என் கண் காட்டிக்கொடுத்துவிட்டது. ஜாடியை என் பக்கமாகத் தள்ளினாள். இருந்த இடத்துலயே வைங்க, சுண்டு லீவுல வருவால்ல, அவ கையால ஒரு சிட்டிகை போட்டு சாப்பிட்டுக்கறேன், அதுவரைக்கும் இது போதும், நல்லாத்தான் இருக்கு என்றாள். பாதித் தட்டுக்கு மேல் சாப்பிட்டாள். சுண்டுவுக்கு வேலை நிரந்தரமாகற நேரம், கூப்பிட்டுத் தொலைக்காதீங்க என்று என்னை எச்சரிக்கவும் செய்தாள்.

உன் லீவுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இவ்வளவு நாள் அவள் பேச்சை மீறாதவன் இப்போது மீறுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, சுண்டு. காலையில் பேக்கரிக்குக் கிளம்பும்போது அவள் போர்வை ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீ மட்டும் வா. வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள், பட்டினியாக வந்து இறங்காதே. வாசலிலேயே அழுதுவிடாதே, அழுகையெல்லாம் என்னிடம் பின்கட்டில் வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாக வந்த மாதிரி வா, அவள் நம்ப மாட்டாள், ஆனாலும் அப்படியே வா. இன்னொரு டப்பா அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம், இருப்பதே போதும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நிறைவாக வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் அவளைக் கேட்காமலே சேர்த்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவள் தினமும் அந்த டிரெஸ்ஸிங்கைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறாள், உப்பைக் கேட்கவே இல்லை. ஜாடி மேல்தட்டில்தான் இருக்கிறது, நான் தொட மாட்டேன், நீ வந்து இறக்கு.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அப்பா