முப்பத்தொரு ‘ஆகட்டுங்க’

நேற்று ஒரு புதுச் சேலையை முதல் தண்ணீரில் நனைத்தேன். இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பருத்தி, வெங்காயத்தோல் நிறம். வாளியில் அமுக்கியதும் கஞ்சி வாசனை எழுந்தது. வடித்த கஞ்சி ஒரு பொழுது புளித்தால் வருமே, அந்த வாசனை. கையை வாளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த வாசனையோடு வந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். அஸ்தம்பட்டியில் ஒரு வாடகை வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் அலுவலகம். சேலம் நகரத்துக்குள் புகுந்து ராசிபுரம், நாமக்கல் பக்கம் போவதாக ஒரு புது ரயில் பாதை வரப்போகிறது, அது போகிற வழியில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று தற்காலிகமாகத் திறந்த அலுவலகம். நீ டைப்பிஸ்ட், நான் எழுத்தர். அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர். நான் ஆத்தூருக்குக் கிழக்கே. நீ ஒருத்திதான் அந்த அறையில் கொங்குப் பேச்சுக்காரி. அதனால் நீ பேசினாலே நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம். மத்தியானம் சாப்பிடும்போதும் நான் புத்தகத்தை மூடமாட்டேன் என்று எனக்கு ‘லைப்ரரி’ என்று பெயர் வைத்தாய். “லைப்ரரி, சோறு ஆறுது” என்பாய். யாரிடமும் சட்டென்று ஒட்டாத என்னை அந்த ஒரு பெயரால் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாய்.

வெண்ணந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வீடு சேர்வாய். “எம்புள்ளைக்கு நான் ஞாயித்துக்கெழம அம்மா” என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியதல்லவா, சிவப்புப் பென்சிலால் பாதை போட்டது? வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு நேரே அதனிடம்தான் போவாய். ராசிபுரத்துக்கு அருகே விரலை வைத்துக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு வருவாய். “இங்க ஏறுனா அர மணி நேரம். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்ல இருப்பேன்.” அந்த விரல் போன வழியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திட்டம் போட்டவர்கள்கூட அந்த ரயிலை அவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நகரத்தின் மேற்கு ஓரத்தில் நெசவாளர் தெரு ஒன்று. அங்கே ஒரு ஸ்டேஷன் வருவதாக இருந்தது. தெருவை ஒட்டி நீளமான திறந்தவெளி கிடந்தது, பதிவேட்டில் அது புறம்போக்கு. வீடு எதுவும் இடிக்க வேண்டாம், அந்தக் காலி இடம் மட்டும் போதும் என்று வரைந்திருந்தார்கள். கருத்துக் கேட்க அதிகாரியோடு ஜீப்பில் நான் போனேன். மத்தியானம் மூன்று மணி. பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு, மைக் வைத்து, அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். குடும்பத்துக்கு ஒரு படிவம். படிவத்தில் இரண்டு கட்டம்: சம்மதம், ஆட்சேபணை.

“அந்த இடத்தை எடுத்துக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?” என்று ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டார். ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, “ஆகட்டுங்க” என்றார்கள். நான் சம்மதம் என்ற கட்டத்தில் குறியிட்டேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தொரு குடும்பம், முப்பத்தொரு ‘ஆகட்டுங்க’. ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. “தங்கமான ஜனங்க” என்று திரும்பும்போது அதிகாரி சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலையில் நீ அவற்றை அறிக்கையாக டைப் அடிக்க உட்கார்ந்தாய். பாதியில் சத்தம் நின்றது.

“ஏம்புள்ள, இத்தன பேருமா சரின்னாங்க?”

“ஆமாம்.”

“வாயால என்ன சொன்னாங்க?”

“ஆகட்டுங்கன்னாங்க.”

மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “ஆகட்டுங்கன்னா சம்மதம்னு உனக்கு ஆரு சொன்னது? நீங்க சொன்னது காதுல உளுந்துச்சுங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான். என்னப் பொண்ணு பாக்க மூணு எடத்துலருந்து வந்தாங்க. மூணு பேருக்கும் எங்கப்பா ஆகட்டுங்கன்னுதான் சொல்லி அனுப்புனாரு. மூணு பேரையுமா கட்டிக்கிட்டேன்?”

நான் விடவில்லை. ஆகட்டும் என்றால் அப்படியே ஆகட்டும் என்றுதானே பொருள் என்று வாதாடினேன். அகராதியும் என் பக்கம்தான் இருந்தது.

“அகராதியா தறி ஓட்டுது? சரி, அந்த எடத்துல என்ன இருக்குது?”

“ஒண்ணுமில்லை. காலியாக் கிடக்கு. நான்தான் பார்த்தேனே.”

“எத்தன மணிக்குப் பாத்த?”

“மூணு மணிக்கு.”

“காத்தால ஆறு மணிக்குப் பாத்தியா லைப்ரரி?”

அன்று சாயங்காலம் நீ ஊருக்குப் போகவில்லை. வழக்கமாக வரும் கண்டக்டரிடம், “ஆபீசுல வேல, நாளைக்கு வாரேன்னு எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லீருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு என் அறையில் தங்கினாய். மகள் உனக்காக விழித்திருக்க மாட்டாள் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாய். உனக்கே சொல்லிக்கொண்டதுதான் அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலையில் நாம் இருவரும் நெசவாளர் தெருமுனையில் திரும்பியதும் அந்தக் கஞ்சி வாசனைதான் முதலில் வந்தது. இரண்டு நாள் முன்பு நான் வெறும் மண்ணாகப் பார்த்த இடத்தில் கால் வைக்க வழியில்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை குறுக்குக் கழிகளின் மேல், தறியில் ஏற்றப்போகிற பாவை நீட்டியிருந்தார்கள். பச்சை, அரக்கு, மஞ்சள் என்று வரிசை வரிசையாக நூல். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தடவிக்கொண்டும் நீளத் தூரிகையால் நீவிக்கொண்டும் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துச் சுருட்டிவிட வேண்டும். பாவடி என்று அந்த இடத்துக்குப் பெயர். அத்தனை நீளத்துக்கு அந்தத் தெருவில் வேறு இடம் கிடையாது. பத்து மணிக்கு வருகிற எந்த ஜீப்புக்கும் அது காலி இடம்தான்.

என் மேசைக்கு முதலில் வந்து கையெழுத்துப் போட்ட பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“எழுதற அம்மிணியா? வாங்க சாமி. காலப் பாத்து வெய்யுங்க. நூலு அறுந்துச்சுன்னா எங்க ஊட்டுக்காரரு உங்களையும் சேத்து முடிச்சுப் போட்டுருவாரு.”

நீ நேரடியாகக் கேட்டாய். “ஏனுங்கக்கா, இந்த எடத்த ரயிலுக்கு எடுத்துக்கறோம்னாங்களே. ஆகட்டுங்கன்னீங்களாமா?”

“சொன்னனுங்க.”

“எடுத்துட்டா பாவு எங்க போடுவீங்க?”

“எங்கீங்க போடறது? தறிய நிறுத்திப்போட்டு வேற பொழப்புத்தான் பாக்கோணும்.”

“அப்பறம் எதுக்கு ஆகட்டுங்கன்னீங்க?”

அவள் உன்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “அவ்வளவு பெரிய ஆபீசரு, வெயில்ல வந்து ஒக்காந்து, வாங்க போங்கன்னு கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றதுங்களா? கையெழுத்து, கூட்டத்துக்கு வந்ததுக்குன்னு நெனச்சுப் போட்டோம். நாங்க கூடிப் பேசிட்டு வந்து பதமாச் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள ஜீப்பு கெளம்பிருச்சு.”

பாவின் அந்தப் பக்கமிருந்து அவள் கணவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “கெளம்புன ஜீப்புக்கும் ஆகட்டுங்கன்னுதான் சொல்லி அனுப்புனா.”

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் நோட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களில் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பினோம். வாசற்படியில் நின்று சொன்னாய்: “தப்பு உன்னோடது. நீதான் சொல்லோணும். நான் பக்கத்துல நிக்கறேன்.”

சொன்னேன். அவர்கள் சொல்லாததை எழுதிவிட்டேன் என்று சொன்னேன். மேலே இருப்பவர் ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல்தடவை. அதிகாரி முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டார். அறிக்கை அன்றைக்கே போக வேண்டும். கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பாதையை நகர்த்தச் சொன்னால் மறுபடி அளக்க வேண்டும், அதற்குள் மேலே இருப்பவர்கள் இந்தத் திட்டத்தையே கிடப்பில் போட்டாலும் போட்டுவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. உன் பக்கம் திரும்பி, “தினமும் அந்த மேப்பைப் பார்க்கறீங்களே, உங்களுக்கு ரயில் வேண்டாமா?” என்று கேட்டார்.

நீ சுவரில் இருந்த சிவப்புக் கோட்டை ஒருமுறை பார்த்தாய்.

“எனக்குத்தாங்க சார் வேணும். இந்த ஆபீசுல வேற ஆருக்கும் இவ்வளவு வேணும்னு இல்லீங்க. ஆனா அவங்க சொல்லாத வார்த்தைய நானே டைப் அடிச்சுப்போட்டு, அதுக்கு மேல ஏறிப் போக முடியாதுங்க.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “போய் மறுபடி கேட்டு எழுதிட்டு வாங்க” என்றார்.

இரண்டு நாள் வீடு வீடாகப் போனோம். நீ கேட்டாய், நான் எழுதினேன். ஆகட்டுங்க என்று அவர்கள் சொன்னதும் நீ பேசாமல் காத்திருப்பாய். அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வரும். அவர்கள் சொன்னது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. நான் வாசிக்க வாசிக்க நீ தனித்தாளில் டைப் அடித்தாய். அறிக்கைக்கு நன்றாக இருக்காதே, ‘ங்க’ எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “எடுக்காத. மரியாதையோடதான் வேண்டாங்கறாங்க. அது மேல இருக்கறவங்களுக்குத் தெரியட்டும்” என்றாய்.

தாள்கள் மேலே போயின. சில மாதத்தில் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அந்தத் தாள்களால்தானா, பணம் ஒதுக்காததாலா, நமக்கு யாரும் சொல்லவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நமக்கு வேறு வேறு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, இரண்டும் சேலத்திலேயே. உன் இரண்டு பஸ்ஸும் மாறவில்லை.

ஒருநாள் பஸ் நிலையத்தில் உன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், நாம் செய்தது தப்போ என்று. நான் எழுதியதை நீ அப்படியே அடித்திருந்தால் இந்நேரம் ரயில் வந்திருக்குமோ என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. நீ பூ வாங்கிக்கொண்டிருந்தாய். காசைக் கொடுத்து முடித்துவிட்டு, “உனக்கு நெனைக்க வேற ஒண்ணுமே இல்லியா லைப்ரரி? ரயிலு வரும். கொஞ்சம் சுத்திக்கிட்டு வரும், அவ்வளவுதான்” என்றாய். பஸ் நகர்ந்ததும் பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி என் பக்கம் வீசினாய். அது கீழே விழுந்தது, நான் குனிந்து எடுப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

உனக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டபோது காலம் கடந்திருந்தது. உன் வீட்டுக்கு நான் முதன்முதலாக வந்தது நீ இல்லாத அன்றைக்குத்தான். இரண்டு பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன். எவ்வளவு தூரம் அது. இந்தத் தூரத்தை ஒவ்வொரு நாளும் வந்துவிட்டு, எப்படி நம் அலுவலக வாசலில் சிரித்துக்கொண்டே நுழைந்தாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். உன் மகள் என்னைப் பார்த்து, “நீங்கதான் லைப்ரரி அத்தையா?” என்று கேட்டாள். வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறாய். எப்போது பேசினாய், ஞாயிற்றுக்கிழமைகளிலா?

இப்போது மறுபடி அளக்கிறார்கள். போன மாதம் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கூட்டத்தில் நிற்பதே எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி, முன்னால் அதே இரண்டு கட்டங்கள் போட்ட படிவம். பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, “சம்மதங்களா, ஆட்சேபணைங்களா?” என்று கேட்டார்.

“ரயில் வேணுங்க. வெண்ணந்தூர்லருந்து வேலைக்கு வர்ற பொண்ணு, பொழுது இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ற மாதிரி வேணும். ஆனா பாவடி மேல வரக்கூடாது. கொஞ்சம் சுத்திக்கிட்டு வரட்டும்.”

“ரெண்டுல ஒண்ணுதாங்க போட முடியும்.”

“ரெண்டையும் போடுங்க.”

“கட்டத்துல எடம் பத்தாதுங்க.”

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். “தாளைத் திருப்பிக்குங்க” என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பினார். நான் முதல் வார்த்தையிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன், உனக்கு டைப் அடிக்கச் சொல்வேனே, அந்த வேகத்தில்.