வெள்ளிக்கிழமைச் சர்க்கரை

அன்புள்ள செம்மொழி அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்து நின்றது. நான் முதலில் கவனித்தது இதைத்தான். கடிதத்தை இப்படியா தொடங்குவது, முதலில் நலம் விசாரித்து எழுது என்று அம்மா முறத்தில் அரிசி புடைத்தபடியே அதட்டுகிறாள். சொல்கிறவள் அவள், எழுதுகிறவள்தான் நான் என்பதால் அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "கண்ணு செம்மொழி, இங்க நான், அப்பா, தங்கச்சி, மாடு, கன்னு எல்லாரும் சொகம். அங்க நீயும் ஒன் துப்பாக்கியும் சொகமா இருக்க மாரியம்மா பாத்துக்குவா." ஞாயிற்றுக்கிழமை உன் முகாமில் போன் தருகிற பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதிலேயே போய்விடுகிறது, மீதி இரண்டு நிமிடம் அம்மா அழுகிறாள், அதனால் உருப்படியாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆகவேண்டியிருக்கிறது. நலம் விசாரித்தாகிவிட்டது, மிச்சத்தை நீயே எழுது, நான் மாவு ஆட்டப் போகிறேன் என்று அம்மா இப்போது எழுந்து போய்விட்டாள். ஆனால் கிரைண்டருக்குப் பக்கத்திலிருந்தே என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீ பயிற்சிக்குக் கிளம்பிய மறுவாரம் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்று உனக்குச் சொல்லியிருந்தோம், எண்ணைச் சொல்லவில்லை. மூன்று மாதத்துச் சராசரி ஆறு புள்ளி நான்கு, எடை தொண்ணூற்று மூன்று. "இது வரப்பு மேல நிக்கிற மாதிரிம்மா. இந்தப் பக்கம் எறங்கறதும் அந்தப் பக்கம் விழறதும் ஒங்க கைலதான் இருக்கு. மூணு மாசம் நடங்க, சோத்தைக் கொறைங்க, மறுபடி எடுப்போம். கொறையலன்னா மாத்திரை ஆரம்பிச்சுடலாம்" என்றார் டாக்டர். அம்மா அங்கேயே முகம் வெளுத்துப்போனாள். பெரியம்மாவுக்குக் கால் விரல் எடுத்தது மாத்திரை தின்று தின்றுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நம் பக்கத்துக்கு வருகிற நர்ஸ் அனீஸா அக்கா, "அவங்க மாத்திரைய ஒழுங்கா முழுங்காம கோழிக்கூண்டு மேல ஒளிச்சு வெச்சதாலதான் வெரல் போச்சு, ஒங்களுக்கு மாத்திரை வேணும்னா போட்டுத்தான் ஆகணும்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அம்மா தலையை நன்றாக ஆட்டிவிட்டு, அவர் போனதும் என்னிடம், "விரலு இல்லாம மெட்டி எங்கடி போடுறது" என்று கேட்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

விடியற்காலையில் நடக்கச் சொல்லி நீதான் போனில் உத்தரவு போட்டாய், நாங்க நாலரைக்கே ஓடுறோம், நீ நடக்கக் கூடாதா என்று. அம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் ஐந்தரைக்குக் கிளம்பினாள், துணைக்கு நானும் போனேன். ஆனால் அக்கா, நம் ஊரில் வேலை இல்லாமல் ஒரு பொம்பளை ரோட்டில் நடந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு மறந்துவிட்டது. "எங்க அம்சம், ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு என்ன?" என்று வீட்டுக்கு வீடு அம்மாவைக் கேட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால், வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று அம்மா மூன்றாம் நாள் கையில் ஒரு காலி தூக்கை எடுத்துக்கொண்டாள், நம் மாடுதான் பால் வற்றி நிற்கிறதே, பார்க்கிறவர்கள் பால் வாங்கப் போவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று. நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று ஆறு வீட்டில் தூக்கு கொடுத்தார்கள். வாங்கிக் கொடுத்தபோது ஆறு வீட்டிலும் டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்று அம்மா ஆறையும் குடித்தாள். நானும் பின்னால் நின்று, பத்தாவதோட ஏன் நின்னுட்ட, அக்காவ மாதிரி நீ ஏன் போகல என்கிற கேள்வியை ஆறு வாசலிலும் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பதில் வராது என்று உனக்குத் தெரியும், காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் நடந்த களைப்புக்கு எட்டு இட்லி, அப்புறம் பத்து மணிவரை தூக்கம். ஒரு மாதம் இப்படியே நடந்து எடை அரைக் கிலோ ஏறியது. "நடந்ததுனாலதான் ஏறிச்சு, நடக்காம இருந்திருந்தா இவ்வளவு பசிச்சிருக்குமா" என்று அம்மா அப்பாவிடம் வழக்காடினாள். அப்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெரியம்மாவுக்கு ஆனதைப் பார்த்துப் பயந்து நீ முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டுப் போன சர்க்கரை பார்க்கிற மிஷின் நன்றாக இருக்கிறது. தினமும் குத்திப் பார்க்கத் தேவையில்லை என்று அனீஸா அக்கா சொல்லியும் அம்மா கேட்பதில்லை, ஊசியைப் பார்த்தால் எதிர் வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறாள், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை அவளால். தனக்கு வலிக்கிறபோது பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் சில நாள் அப்பாவுக்கும் புது ஊசி மாற்றிக் குத்தச் சொல்வாள். அப்பாவுக்கு எப்போதும் தொண்ணூறைத் தாண்டாது. அது அம்மாவுக்குச் சொந்த அவமானம் மாதிரி. எண்ணை நான் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்திவைப்பேன். அப்போது மற்ற நாளெல்லாம் நூற்றுப் பதினெட்டு, நூற்றிருபது என்று நின்றது, வெள்ளிக்கிழமை மட்டும் நூற்று மூன்று, நூற்று ஐந்து. இரண்டு வாரம் பார்த்ததும் அம்மாவிடம் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். "வெள்ளிக்கிழம அம்மன் நாளு, அவதாண்டி கொறைக்கிறா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு விட்டாளா, நன்றிக்கடன் என்று அடுத்த வெள்ளி முதல் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க ஆரம்பித்தாள். அம்மனுக்குக் காட்டியதை யார் சாப்பிடுவது, நாங்கள்தான், அதிலும் அடிப்பிடித்த ஓரம் முழுவதும் அம்மா. சனிக்கிழமை காலை மிஷினில் நூற்று முப்பத்திரண்டு. "பாத்தியா, சனியன் வேலைய" என்று அம்மா அந்தப் பழியைச் சனீஸ்வரன் மேல் போட்டு, அவருக்கு எள்ளுருண்டை செய்யக் கிளம்பினாள். வெல்லத்தை நான்தான் மாட்டுத் தொழுவத்தில் ஒளித்துவைத்தேன். இதை நீ போனில் கேட்டுவிடாதே.

பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முதல் பேய்மழை, சந்தை கூடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, அம்மன் இருந்தாள், பொங்கலும் ஆயிற்று, ஆனால் பொங்கலுக்கு முன்னாலேயே காலையில் எண் நூற்றுப் பத்தொன்பது. நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா சந்தைக்கு ஆற்றங்கரையோடு நடந்துதான் போகிறாள், நடந்துதான் வருகிறாள், வரும்போது இரண்டு கையிலும் பை. சந்தையில் இனிப்பு போண்டா வேறு சாப்பிடுகிறாள், ஆக வாயைக் கட்டியதால் குறையவில்லை. காலையில் ஒரு மாதம் நடந்தும் அசையாத எண் வாரத்தில் ஒரு சாயங்காலம் நடந்ததற்கு அசைகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் அம்மனோடு போட்டி போடுகிற மாதிரி ஆகிவிடும், அப்பாவிடம் சொன்னால் அம்மாவிடம்தான் போய்ச் சேரும். அனீஸா அக்கா வந்த அன்று தாள்களையெல்லாம் நூலில் கோத்து, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சிவப்பில் கோடு போட்டு, அவர் பைக்கு அடியில் சொருகிவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் அதை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்து வீட்டு சரசா அத்தையும் எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடம் வேணாம்னு ஓடியாந்த புள்ள பரிச்சைக்குப் போற மாதிரி கோடு போட்டு வெச்சிருக்கே" என்றார். அனீஸா அக்கா சிரிக்கவில்லை. குண்டான பெண்களுக்கு எந்த நேரத்தில் உடற்பயிற்சி செய்தால் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பெரிய பெரிய இடங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். சாயங்காலம் செய்தால் சர்க்கரை நன்றாக இறங்குகிறது என்று சிலர் சொல்கிறார்களாம், காலையில் செய்தால்தான் வயிற்றுக் கொழுப்பு கரைகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்களாம், ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட மாறுமாம், இதுதான் என்று இன்னும் முடிவு கட்டவில்லையாம். "எப்ப நடந்தாலும் நல்லதுதான். ஆனா ஒங்கம்மா ஒடம்புக்கு சாயங்காலம் ஒத்துக்குது போலருக்கு, அதான் இந்தத் தாளே சொல்லுதே. காலைல நடந்தா ஆறு டீ, எட்டு இட்லி. சாயங்காலம் நடந்தா யாரும் டீ போட மாட்டாங்க, அது ஒண்ணே போதும்" என்றார். கதவுக்குப் பின்னால் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அம்மா ஒப்புக்கொண்டிருப்பாள், ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பொம்பளை வாசலைத் தாண்டலாமா என்று கேட்டாள். சந்தைக்குப் போகலாமாம், அது வேலை. சும்மா நடக்கப் போனால் லட்சுமி வந்து பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிவிடுவாளாம். அனீஸா அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்காமலே வாயைத் திறந்து, "நான் உக்காந்துருக்கேன், வந்தா உள்ள கூப்புடுறேன்" என்றார். மறுநாள் முதல் அப்பா சாயங்காலம் ஐந்தரைக்கே குளித்து, துவைத்த வேட்டி கட்டி, விளக்கேற்றி, வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார். தூங்கக் கூடாது, பீடி கூடாது, வருகிற யாரையும் விரட்டக் கூடாது, சட்டை போட்டிருக்க வேண்டும் என்று அம்மா கட்டளை. "என்னண்ணே, லட்சுமி வந்தாளா?" என்று சரசா அத்தை தினமும் கேட்கிறார். "இப்பதான் உள்ள போச்சு, மெதுவாப் பேசு" என்கிறார் அப்பா. ஒரு நாள் எதிர் வீட்டு ஆடு உள்ளே புகுந்து அரிசிப் பானையில் தலையை விட்டுவிட்டது. யாரையும் விரட்டக் கூடாது என்றுதானே சொன்னாய் என்று அப்பா அம்மாவிடமே திருப்பிக் கேட்டார்.

இப்படியாக ஏழு வாரம் ஆகிறது. சரசா அத்தையும் அனீஸா அக்காவின் அம்மா ஃபஹ்மிதாவும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரும் கரையில் வந்தால் எதிரே வருகிற சைக்கிள் இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவு அகலம். காலை எண் இப்போது நூற்றாறு, நூற்றேழு. பொங்கல் மாதத்துக்கு ஒரு வெள்ளி என்று ஆகிவிட்டது, அது அம்மனுக்கும் அனீஸா அக்காவுக்கும் நடுவில் பேசி முடித்த ஒப்பந்தம். எடை இரண்டு கிலோதான் இறங்கியிருக்கிறது. பத்து கிலோ என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, நான் எழுதவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு. ஒரு வாரமாக அம்மா பெரியம்மாவுக்கு இரண்டு தடவை போன் செய்து ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். காலில் மெட்டியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள்.

மாவு ஆட்டியாகிவிட்டது, அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறாள், முடிவுரையை அவளே சொல்கிறாள். "செம்மொழி, குளுருக்குக் காதுல துணி கட்டிக்க. மேலதிகாரி திட்டுனா எதுத்துப் பேசாத, மனசுக்குள்ள திட்டிக்க. வெறும் வயித்துல ஓடாத. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மாடு வந்தா சுட்டுறாத, பாவம். நூறு வருசம் நல்லாருப்ப. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு உடுப்போட எடுத்து அனுப்பு, மறக்காத. இப்படிக்கு ஒன்னப் பெத்த அம்மா அம்சம், பக்கத்துல ஒங்க அப்பா கண்ணுசாமி." முடிவு தெரியும்வரை தபாலில் போட வேண்டாம் என்கிறாள். அதனால் கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

அக்கா, நானும் அம்மாவும் சுகாதார நிலையத்திலிருந்து வந்துவிட்டோம். அம்மா உள்ளே வர மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டதால் நான்தான் டாக்டர் முன்னால் போய் நின்றேன். ஆறு புள்ளி ஒன்று. அவர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் இன்னும் வரப்பு மேல்தான் நிற்கிறார்கள், விட்டுவிடக் கூடாது என்றார், என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார். நான் சொன்னேன். நானே சொன்னேன் அக்கா, முழுவதும், சந்தையிலிருந்து ஆடு வரைக்கும். வெளியே வந்து எண்ணைச் சொன்னதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பாஸ் பண்ணியாச்சு, இன்னிக்கு ஒரு நாள் லீவு, பஸ்ஸில் போய்விடலாம், வழியில் அல்வா வாங்கலாம் என்றாள். மணி ஐந்தாகியிருந்தது. நம் ஊர் மினி பஸ் வந்தது, கை காட்டினால்தான் நிற்கும் என்று உனக்குத் தெரியுமே. அம்மா இரண்டு கையிலும் பையும் செருப்பும் வைத்துக்கொண்டு, "காட்டுடி, காட்டு" என்றாள்.

நான் கையைக் காட்டவில்லை.

கவிப்ரியா