கருப்பியின் இதயச் சத்தம்

செவ்வாய், இரவு.

காலையில் எங்கள் பூனை கருப்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நானும் வீட்டுக்காரரும் பயந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு கூலாய் டவுனில் இருக்கும் மிருக டாக்டரிடம் ஓடினோம்.

"இதயத்துல வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் பின்னால ஒழுகும். அந்தச் சத்தம் கேக்குதான்னு பாக்கணும்," என்று டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கருப்பி விடாமல் குர்ர்ர் என்றதில் வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடங்கும் என்று குழாயைத் திறந்துவிட்டார். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் இவரைப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் வெளிய நில்லுங்க லா," என்றார்.

இவர் கதவைத் தாண்டியதும் கருப்பி நிறுத்திவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக மீன் அவித்துப் போடுகிறவள் நான்.

"வால்வு நல்லா இருக்கு. நிமிஷத்துக்கு நூத்தித் தொண்ணூறு தடவை அடிக்குது, பூனைக்கு அது சரிதான். வெக்கைதான் காரணம், காத்தாடி போட்டு வைங்க."

வெளியே இவர் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பிக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"நான் எங்க பயந்தேன்? எனக்குப் பூனைன்னாலே ஆகாது."

பிறகு நெடுஞ்சாலையில் வீடுவரை காரை நாற்பதிலேயே ஓட்டினார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன.

"அடிக்கட்டும். குலுங்கினா அவளுக்கு நெஞ்சு வலிக்கும்," என்றார்.